ஓடிக்கொண்டிருக்கிறது

செக்கானூரணி பால் குளிர்நிலையத்திலிருந்து
பின்னத்தேவன் கூப்பிட்டபோது மணி மூன்றேகால்.
"திரையில நாலு டிகிரின்னு நிக்குது மேடம்,
தொட்டியத் தொட்டா வெதுவெதுங்குது.
நான் எத நம்ப?"

அரசரடி அலுவலகத்தில்
மேசையிலிருந்து தலையைத் தூக்கி
நிரலின் நிலையைக் கேட்டேன்.
பச்சை எழுத்தில் பதில் வந்தது:
ஓடிக்கொண்டிருக்கிறது.
பதினோரு நாள் ஐந்து மணி நேரமாக
ஓடிக்கொண்டிருக்கிறது.

அது கடைசியாக எழுதிய வரி
இரவு பத்து நாற்பதுக்கு.
நாலு புள்ளி ஒன்று.
அதற்கப்புறம் ஏதோ ஒரு சென்சாரிடம்
என்ன சூடு என்று கேட்டுவிட்டுப்
பதிலுக்காக நின்றிருக்கிறது.
எவ்வளவு நேரம் நிற்கலாமென்று
நான்தான் அதற்குச் சொல்லித் தரவில்லை.

செத்திருந்தால் தெரிந்திருக்கும்.
விழுந்ததை எழுப்பிவிட ஏற்பாடு உண்டு.
இது விழவில்லை.
கடன்காரன் வாசலில் நிற்கிறவன் மாதிரி
மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

மூவாயிரத்து இருநூறு லிட்டர்.
விடியுமுன் வாய்க்காலில் வெள்ளையாகப் போனதாம்,
பின்னத்தேவன் சொல்லும்போது
பின்னால் யாரோ கேன்களை உருட்டும் சத்தம்.

மறுநாளே காவல் வைத்தேன்.
முப்பது விநாடிக்கு ஒரு தரம்
'இருக்கிறேன்' என்று நிரல் சொல்ல வேண்டும்.
ஒரு நிமிடம் குரல் வராவிட்டால்
சிஸ்டம் அதைக் கொன்று
புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கும்.
வேலைக்கு இடைஞ்சல் வேண்டாமென்று
'இருக்கிறேன்' சொல்ல மட்டும்
தனியாக ஓர் இழை திரித்துவிட்டேன்.
லூர்து செல்வி பார்த்துவிட்டு
"சூப்பர்க்கா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள்
செல்லம்பட்டியில் பால் திரிந்தது.
பதிவேட்டைத் திறந்தால் விடிய விடிய
இருக்கிறேன்
இருக்கிறேன்
இருக்கிறேன்.
ஒரு விநாடி பிசகவில்லை.

அன்று ராத்திரி
மேனேஜருக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்
உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஒச்சப்பனின் விசில்.
அரை மணிக்கு ஒன்று; நல்ல நீளமான விசில்.
மூன்றாவது விசிலில்தான் உறைத்தது:
மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகிறது.

சன்னலில் எட்டிப் பார்த்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலி, மங்கி குல்லா,
மார்பில் புதைந்த முகவாய்.
மடியில் கிடந்த போன் அலாரம் அடித்ததும்
கண் திறக்காமலே ஊதினார்.
ஆள் தூங்க, விசில் விழித்திருந்தது.
பின்கேட்டுப் பக்கம்
எவன் வந்து எதைத் தூக்கிப் போனாலும்
விசில் தவறியிருக்காது.

சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.
தனி இழையை அறுத்துப் போட்டேன்.
அளவு வந்து, அட்டவணையில் ஏறி,
ஏறியதைத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகு,
சுற்றின் கடைசி வரியாக
அந்த ஒரு சொல்லை வைத்தேன்.
வேலை நடந்தால்தான் வாய் திறக்கும்.
தனியாகப் பேசிக்கொண்டிருக்க இனி ஆளில்லை.
சென்சாருக்கும் பத்து விநாடிதான் கெடு.

நேற்று இரண்டு நாற்பத்தேழுக்கு
வாடிப்பட்டியில் எங்கோ ஒரு முடிச்சு;
கெடு வைத்தும் சிக்கிக்கொண்டிருக்கிறது.
குரல் இல்லை, கொலை, பிறப்பு,
நாலு புள்ளி மூன்று.
எல்லாம் பதிவேட்டில் ஆறு வரி.
காலையில் காபியோடுதான் படித்தேன்.
ராத்திரி என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஒச்சப்பனைப் பற்றி
யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.
பகலில் அவர் டவுன்ஹால் ரோட்டில்
லோடு இறக்குகிறார் என்பது தெரியும்.
ஆனால் ராத்திரி அவருக்கு வாங்குகிற டீயை
இப்போதெல்லாம் கையில் கொடுப்பதில்லை.
பின்கேட்டைத் தாண்டி, ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரில்
மூடி வைத்துவிட்டு
"அங்கிட்டு இருக்குண்ணே" என்கிறேன்.

விடிந்ததும் போய்ப் பார்ப்பேன்.
தம்ளர் காலியாக இருந்தால்
ஒரு சுற்றாவது வந்திருக்கிறார்,

அந்தக் கறுப்புப் பூனை
மூடியைத் தள்ளக் கற்றுக்கொள்ளாதவரை.